தீவகத்தில் ஒரு பகல்: இரண்டு படகு போதும்

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வருகிறவர்கள் பலர் கேட்பது: "எல்லாத் தீவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?" முடியாது. முயன்றால் துறைகளில் காத்து நிற்பதிலேயே பகல் கழிந்துவிடும். ஆனால் இரண்டே இரண்டு படகேறி, ஒரு சுற்றாகத் தீவகத்தை ஆறுதலாகப் பார்த்துவரலாம்.

எல்லாத் தீவுக்கும் படகு தேவையில்லை. மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் எல்லாம் கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதிகளால் தரையோடு சேர்ந்துவிட்டன. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்கும்தான் இன்றும் படகை நம்பியிருக்கின்றன. நாம் போகப்போவது இவற்றில் மிக எளிதாகப் போகக்கூடிய நயினாதீவுக்கு.

காலையில் நேரத்தோடு கிளம்புங்கள். யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பேருந்திலும் போகலாம், ஆனால் இந்தச் சுற்று முழுவதையும் முடிக்க மோட்டார் சைக்கிளே வசதி. பண்ணையைத் தாண்டும்போது இருபுறமும் பாருங்கள். இடுப்பளவு நீரில் மீனவர்கள் நடந்து போவார்கள். கம்பு நட்டுக் கட்டிய சிறகுவலைகள் வரிசையாக நிற்கும். அவ்வளவு ஆழம் குறைந்த கடல் இது.

வண்டியைக் குறிகட்டுவானில் நிறுத்திவிட்டுப் படகேறுங்கள். நயினாதீவுக்குக் கால் மணி, இருபது நிமிடம். படகின் உட்புறம் தாழ்வாகவும் புழுக்கமாகவும் இருக்கும். வெளியே பார்க்க வேண்டுமானால் வாசலோரம் இடம் பிடியுங்கள். உயிர்காப்பு அங்கி தந்தால், குறுகிய தூரம்தானே என்று மடியில் வைத்துக்கொண்டிராமல் போட்டுக்கொள்ளுங்கள்.

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி இறங்குதுறை உண்டு. ஒன்றில் இறங்கி, இரண்டையும் பார்த்துவிட்டு மற்றதில் ஏறலாம். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். விகாரையில் தொப்பியும் செருப்பும் ஆகாது. மணிமேகலைக் காப்பியத்தில், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரம் கிடைத்த இடமாகச் சொல்லப்படும் மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று கருதுவோர் உண்டு. அதனால்தான் இங்குள்ள அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றும் இங்கே இருக்கிறது. வைத்தவன் சிங்கள மன்னன் முதலாம் பராக்கிரமபாகு, எழுதியிருப்பதோ தமிழில். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பலென்றால் பாதிக்குப் பாதி. வெளிநாட்டார் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. நமது அடுத்த நிறுத்தமும் அதுவே.

குறிகட்டுவானுக்குத் திரும்பி, வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்கு வாருங்கள். கரையிலிருந்து பார்த்தால் கடல் நடுவே ஒரு கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்தியது. இலங்கை பன்றித்தொடை வடிவில் இருப்பதாக எண்ணிய ஒல்லாந்தர், இந்த இடத்தை அதன் குதிகாலாகக் கண்டு 'ஹமென்ஹீல்' என்று பெயரிட்டார்கள்.

இங்கிருந்து காரைநகருக்குப் போவது இரண்டாவது படகு. ஊரில் அதைப் 'பாதை' என்பார்கள். ஆட்களையும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றும் தட்டையான மிதவை. ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த தூரம். ஏறி நின்று நாலு பேச்சுப் பேசுவதற்குள் அக்கரை வந்துவிடும். அங்கே கசூரினா கடற்கரையில் வெகுதூரம் நடந்து போனாலும் நீர் மார்புக்கு ஏறாது. சிறுவர்களோடு போகிறவர்களுக்கு ஏற்ற இடம். மாலையில் பொன்னாலைப் பாலம் வழியாக யாழ் நகருக்குத் திரும்பலாம்.

நெடுந்தீவை இந்தச் சுற்றில் சேர்க்காதீர்கள். படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்; காலையில் போனால் பிற்பகலில்தான் திரும்பலாம். காட்டுக் குதிரைகள், பெருக்கமரம், பவளக்கல்லில் கட்டிய கோட்டை, வளவுகளைச் சுற்றிய கல்வேலிகள் என்று பார்க்க நிறைய உண்டு. 1985 மே 15 அன்று நடுக்கடலில் 'குமுதினி' படகில் கொல்லப்பட்ட பயணிகளை அந்தத் தீவு இன்றும் நினைவுகூர்கிறது. அவசரமாக எட்டிப்பார்த்துவிட்டு வரும் ஊரல்ல அது. இன்னொரு நாளை முழுதாக ஒதுக்குங்கள்.

எப்போது போகலாம்? மாசி பிற்பகுதி முதல் சித்திரை வரை கடல் பொதுவாக அடங்கியிருக்கும். அதன்பின் சோளகக் காற்று படகை ஆட்டும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் மழையும். ஆனி மாத அம்மன் திருவிழாவிலும் போயா நாட்களிலும் துறையில் கூட்டம் நெரியும். ஆறுதலாகப் போக விரும்பினால் அந்த நாட்களைத் தவிருங்கள்.

கடைசியாக, குறிகட்டுவானில் படகேறும் முன்பே இரண்டு கேள்வி கேளுங்கள்: நயினாதீவிலிருந்து கடைசிப் படகு எத்தனை மணிக்கு? ஊர்காவற்றுறையில் இன்று பாதை ஓடுகிறதா? பாதை நின்றிருந்தால் கவலை வேண்டாம், வேலணைக்குத் திரும்பிப் பண்ணை வழியாகவே வீடு வரலாம். கடைசிப் படகைத் தவறவிட்டால் மட்டும் வேறு வழி கிடையாது. அதற்கு முந்திய படகிலேயே ஏறிவிடுங்கள்.