கடல் இருந்த ஊர்

மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு சுருள் கல் இருக்கிறது. சென்ற நவராத்திரிக்குக் கொலு பார்க்க வந்த எதிர்வீட்டு அஜ்ஜி அதைக் கண்டதும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இது சாளக்கிராமம் அல்லவா? பூஜையில் வைக்காமல் பொம்மையோடு வைத்திருக்கிறீர்களே!" என்றார். என் மகள் விழித்தாள். நானும்தான்.

அஜ்ஜி சொன்னது முழுக்கத் தவறல்ல. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்கள் பலவும் அம்மோனைட் என்ற கடற்பிராணியின் புதைபடிவங்களே. எங்கள் கல்லும் அம்மோனைட்தான். ஆனால் இது வந்தது அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து. நத்தை போல ஓடு இருந்தாலும், அம்மோனைட் கணவாய்க்குத்தான் நெருங்கிய சொந்தம்.

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் கடல் இருந்தது. கேய், கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் அங்கே சேகரித்த கிளிஞ்சல்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-இல் வெளியிட்டார். சாத்தனூரில் கல்லாகிப்போன 18 மீட்டர் நீள மரத்தை 1940-இல் உலகறியச் செய்தவர் டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன். கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் 'ப்ருஹத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். பெருத்த உடல் கொண்ட பல்லி என்று பொருள். முதலில் ஊன் தின்னும் டைனோசர் என்றார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள இலைதின்னி என்று கருதினார்கள். அந்த எலும்புகளோ ஈரத்தில் பொடிந்து போய்விட்டன. படங்கள்தான் மிச்சம்.

2020-இல் குன்னம் ஏரியில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கற்கள் என்று விவரமறிந்தவர்கள் விளக்கினார்கள்.

எங்கள் கல்லைக் கொடுத்தவர் என் தாய்மாமா. கடலை விதைத்த நிலத்தைச் சுரங்கத்துக்கு விற்றுவிட்டு, அதே பள்ளத்தில் கூலி வேலைக்குப் போனவர். "நம்ம நெலத்துல வெளஞ்சதுல இது ஒண்ணுதாம்மா மிச்சம்" என்று கையில் வைத்தார். வெட்டியிருக்காவிட்டால் இந்தக் கல் வெளியே வந்திராது. வெட்டியதால் இதன் கூட்டாளிகள் எத்தனையோ சிமென்டாகி, நம் வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே இருக்கக்கூடும்.

விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் போகும் அன்பர்கள், அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். வழியில் இப்படிக் கல் ஏதும் கண்டால், எடுத்து வராமல் அங்கே சொல்லுங்கள். கிடைத்த இடம் தெரியாத கல்லுக்குப் பாதிக் கதை போய்விடும்.

எங்கள் கல்லின் அடியில் மகள் இப்போது ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: 'தாத்தாவின் கடலைக்கொல்லை, அரியலூர்.' அஜ்ஜி மட்டும் வரும்போதெல்லாம் அதற்கு ஒரு பூ வைத்துவிட்டுப் போகிறார்.