மார்பில் கட்டி: இன்னொரு மருத்துவரிடம் காட்டுவது எப்போது, எப்படி?

மார்பில் கட்டி இருக்கிறது என்று தெரிந்தவுடன் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு எழுகிறது. "ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாரே, இனி எதற்கு அலைய வேண்டும்?" என்பது ஒன்று. "புற்றுநோய் என்கிறார்கள், இதை நம்பலாமா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் எங்கள் விடை ஒன்றே. ஐயம் இருந்தால் இன்னொரு மருத்துவரிடமும் காட்டலாம். ஆனால் முதல் மருத்துவர் எடுத்த பரிசோதனைகளைக் கையில் கொண்டு, நாள் குறித்துக்கொண்டு போக வேண்டும். வெறுங்கையோடும் நாள்கணக்கு இல்லாமலும் போவது இரண்டாம் கருத்து ஆகாது. சிகிச்சையைத் தள்ளிப்போடுவதாகவே முடியும்.

இப்படிக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பதாகும் என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018ஆம் ஆண்டு தயாரித்த நோயாளர் உரிமைகள் சாசனம், இரண்டாம் கருத்துக் கேட்பதை நோயாளியின் உரிமையாகவே கூறுகிறது. அதற்குத் தேவையான ஆவணங்களைக் கூடுதல் கட்டணமும் காலதாமதமும் இன்றித் தருவது மருத்துவமனையின் கடமை என்றும் அது சொல்கிறது. நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதி.

'ஒன்றுமில்லை' என்ற பதிலுக்குப் பின்னும்

மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நார்க்கட்டியாகவோ நீர்க்கட்டியாகவோ இருக்கும். ஆனால் கையால் தொட்டுப் பார்த்து மட்டும் இதை உறுதி செய்ய முடியாது. மருத்துவர் தொட்டுப் பார்ப்பது, மாமோகிராம் அல்லது ஸ்கேன் எடுப்பது, தேவைப்பட்டால் ஊசி மூலம் சிறிது திசு எடுத்துச் சோதிப்பது ஆகிய மூன்றும் ஒரே முடிவைச் சொல்ல வேண்டும். ஒன்று மற்றொன்றோடு ஒத்துப்போகவில்லை என்றால், அப்போது மறுபடியும் பார்க்க வேண்டும்.

முதலில் என்ன சொல்லப்பட்டிருந்தாலும், கீழ்க்காணும் நிலைகளில் இன்னொரு மருத்துவரைக் காண்பது நல்லது.

• கட்டி மறையாமல் இருப்பது அல்லது பெரிதாவது. வலி இல்லை என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணக் கூடாது. புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.
• ஒரு பக்கக் காம்பிலிருந்து மட்டும், அழுத்தாமல் தானாகவே இரத்தமோ நீரோ கசிவது.
• காம்பு புதிதாக உள்ளிழுப்பது; தோல் சுருங்குவது அல்லது ஆரஞ்சுப் பழத் தோல்போல் தடிப்பது; அக்குளில் கட்டி தென்படுவது.
• ஒரு காம்பில் மட்டும் சொறிபோல் வந்து, களிம்பு தடவியும் ஆறாதது.
• பால்கட்டு என்று மருந்து கொடுத்தும் சிவப்பும் வீக்கமும் தணியாதது. பாலூட்டும் தாய்க்குப் பால்கட்டு வருவது இயல்பே. ஆயினும் மருந்து தொடங்கி ஓரிரு வாரத்தில் குணம் தெரியாவிட்டால் ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் தேவை. ஒருவகை மார்பகப் புற்றுநோய் இதே தோற்றத்தில் வந்து விரைவாகப் பரவக்கூடியது.

ஆண்களுக்கும் இந்நோய் வரும். நூறு பேரில் ஒருவர் என்ற அளவில்தான். அதனாலேயே அவர்களின் கட்டி கவனிக்கப்படாமல் போகிறது.

'புற்றுநோய்' என்ற பதில் வந்தால்

நம் அண்டை மாநிலமான கேரளத்தில் 2019ஆம் ஆண்டு வெளிவந்த செய்தி ஒன்று பலருக்கு நினைவிருக்கலாம். ஒரு பெண்ணின் மார்புக் கட்டியிலிருந்து எடுத்த திசு இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டது. தனியார் ஆய்வகத்தின் அறிக்கை முதலில் வந்தது. அதில் புற்றுநோய் என்று இருந்ததால் கீமோதெரபி தொடங்கப்பட்டது. பிறகு வந்த மருத்துவமனை ஆய்வக அறிக்கையில் புற்றுநோய் இல்லை என்று இருந்தது. நோய் இல்லாமலே அந்தப் பெண் அம்மருந்தின் துன்பத்தை அனுபவித்தார். மாநில அரசு இழப்பீடு அறிவித்தது.

இத்தகைய பிழை அரிது. இதைச் சொல்லி உங்களை அச்சுறுத்துவது எங்கள் நோக்கமன்று. ஆனால் இதில் ஒரு பாடம் இருக்கிறது. இரண்டாம் கருத்து என்பது இன்னொருவர் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதோடு முடிவதில்லை. அதே திசுவை இன்னொரு நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்ப்பதே அதன் முக்கியமான பகுதி. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 ஆகிய மூன்று சோதனைகளின் முடிவும் அந்தத் திசுவிலிருந்தே கிடைக்கிறது. எந்த மருந்து பலன் தரும் என்பதை அந்த முடிவே தீர்மானிக்கிறது.

ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்தால் சிலர் திசுப் பரிசோதனையைத் தவிர்க்கிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. ஊசிப் பரிசோதனை செய்யாமல் நேரடியாகக் கட்டியை அறுத்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அதுவே இன்னொரு கருத்துக் கேட்பதற்குப் போதுமான காரணம்.

கையில் என்ன இருக்க வேண்டும்?

மருத்துவரிடம் இப்படிக் கேட்டால் போதும்: "டாக்டர் ஐயா, சிகிச்சை தொடங்குமுன் இன்னொரு இடத்திலும் காட்டிவர விரும்புகிறோம். அதற்கான பேப்பர்களும் சிலைடும் பிளாக்கும் வேண்டும்."

சிலைடு என்பது திசுவின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடித் துண்டு. பிளாக் என்பது மீதித் திசு பதிக்கப்பட்ட சிறிய மெழுகுக் கட்டி. இவற்றோடு திசுப் பரிசோதனை அறிக்கை, மாமோகிராம், ஸ்கேன் ஆகியவற்றின் படமும் அறிக்கையும், இதுவரை கொடுத்த மருந்துச் சீட்டுகள், குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். மெழுகு உருகும், வெயிலில் நிற்கும் வண்டியில் பிளாக்கை விட்டுவிடாதீர்கள். வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அது மீண்டும் தேவைப்படலாம்.

எங்கே செல்லலாம்?

அரூர், பென்னாகரம், பாலக்கோடு பகுதிகளில் இருப்போர் முதலில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். அடுத்து, சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புற்றுநோய்க்கென்றே உள்ள அரசு மருத்துவமனை காஞ்சிபுரம் அருகே காரப்பேட்டையில் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி., சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், பெங்களூரு கித்வாய் நிலையம் ஆகியவற்றுக்கும் நம் மாவட்டத்தார் சென்றுவருகிறார்கள். அடையாறு நிலையம், தம் தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மற்றவர்க்கு அந்நிலை வரக்கூடாது என்று பாடுபட்டு 1954இல் தொடங்கியது.

புறப்படுமுன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அந்த மருத்துவமனையில் செல்லுமா என்று கேட்டறியுங்கள். வெளிமாநிலம் செல்வோர் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். 104 என்ற எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

எத்தனை நாள்?

மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் ஒரே இரவில் முடிவெடுக்க வேண்டிய நோய் அன்று. இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு கருத்தைப் பெற்றுத் திரும்புவதால் கேடு வராது. மார்பு முழுதும் சிவந்து வேகமாக வீங்கினால் மட்டும் அவ்வளவு காத்திருக்கக் கூடாது. நோயாளி மருத்துவமனைக்கு வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் என்னவென்று உறுதியாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய முயற்சியின் இலக்கு. தக்காளி அறுவடை முடியட்டும், பிள்ளைக்குத் தேர்வு முடியட்டும், ஊர்த் திருவிழா கழியட்டும் என்று தள்ளிப்போட்டால் அந்த 60 நாள் தெரியாமலே கடந்துவிடும். பச்சிலைக் கட்டுப் போட்டுப் பார்க்கும் மாதங்களும் இதே கணக்கில்தான் சேரும்.

இரண்டு கருத்தும் வேறுபட்டால்

ஒருவர் மார்பை முழுதாக எடுக்க வேண்டும் என்பார். மற்றொருவர் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்பார். இதனால் ஒருவர் தவறு என்று பொருளாகாது. தொடக்க நிலை நோயில் இரண்டு முறைகளிலும் உயிர் காப்பதில் வேறுபாடு இல்லை என்பதை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 ஆண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் உறுதி செய்தார்கள். ஆனால் கதிர்வீச்சுக்குச் சில வாரங்கள் நாள்தோறும் வர வேண்டும். தங்கும் இடம், கூலி இழப்பு, வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஆகியவற்றையும் எண்ணியே முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு மருத்துவரிடமும் "ஏன் இந்த முறை?" என்று கேளுங்கள். கேட்ட காரணத்தை எழுதிக்கொள்ளுங்கள். நோய் இருக்கிறதா இல்லையா என்பதிலேயே கருத்து வேறுபட்டால் மட்டும் மூன்றாவது இடத்தில் சிலைடைக் காட்டுங்கள். அதற்குமேல் மருத்துவர் மாறிக்கொண்டே போவதில் பயன் இல்லை.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவுக்கோ மனைவிக்கோ தெரியக் கூடாது என்று நோயின் பெயரை மறைத்துக்கொண்டு அழைத்துச் செல்லாதீர்கள். மார்பை வைத்துக்கொள்வதா, எந்தச் சிகிச்சையை ஏற்பதா என்பது அவர் சொல்ல வேண்டிய முடிவு. எங்களிடம் சிகிச்சை பெறுவோர் வெளியே காட்டிவர விரும்பினால் புறநோயாளிகள் பிரிவில் சொல்லுங்கள். ஆவணங்களைத் தருகிறோம். எங்கு காட்டினாலும், திரும்பி வரும் நாளை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிட்டுப் புறப்படுங்கள்.