முதுமுனைவர் ஆய்வு

முதுமுனைவர் ஆய்வு என்பது முனைவர் பட்டம் பெற்றோர் நிலையான பணியில் சேருமுன், மற்றோர் ஆய்வாளரின் குழுவில் சில ஆண்டுகள் ஊதியத்துடன் மேற்கொள்ளும் ஆய்வுப் பணி ஆகும். இது ஒரு பட்டம் அன்று.

இடம் தேடல்

அறிவியல், பொறியியல் துறைகளில் இவ்விடங்கள் விளம்பரங்கள் வழியாக மட்டுமன்றி, ஆய்வாளருக்கு நேரடியாக எழுதும் கடிதங்கள் வழியாகவும் கிடைக்கின்றன. அவருடைய கட்டுரைகளைப் படித்து, அப்பணியில் தம்மால் என்ன செய்ய இயலும் என்பதைச் சுருக்கமாக எழுதுதல் நன்று. ஊதியம் குழுத் தலைவரின் ஆய்வுத் திட்ட நிதியிலிருந்தோ, விண்ணப்பதாரர் தாமே பெறும் நல்கையிலிருந்தோ வழங்கப்படும்.

எடுத்துக்காட்டு

சிதம்பரத்தில் 1952 இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 1976 இல் அமெரிக்காவில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் சான் டியேகோவில் உயிரியல் பயின்றார். உயிரணுக்களில் புரதத்தை உருவாக்கும் ரைபோசோம் பற்றி சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்து, அதை எழுதிய இருவருள் ஒருவரான டொனால்ட் எங்கல்மனுக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதம் மற்றவரான பீட்டர் மூரைச் சென்றடைந்தது. 1978 இல் யேல் பல்கலைக்கழகத்தில் மூரின் குழுவில் இடம் கிடைத்தது.

முதுமுனைவர் ஆய்வு நிலையான பணிக்கு உறுதி அளிப்பதில்லை. யேலுக்குப் பின் அவர் சுமார் 50 கல்வி நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பணி கிட்டவில்லை. தேசிய ஆய்வுக்கூடங்களில் பணியாற்றினார். எனினும், யேலில் தொடங்கிய ரைபோசோம் ஆய்வைத் தொடர்ந்தார். அதற்காக 2009 இல் வேதியியல் நோபல் பரிசை தாமசு ஸ்டைட்சு, அடா யோனத் ஆகியோருடன் பகிர்ந்து கொண்டார்.