கால்நடையாய்... கால்நடைகளோடு!

– மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு

பாலைவனம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மணலும் ஒட்டகமும் கொளுத்தும் வெயிலும்தான். ஆனால் ராத்திரியில் வாட்டர் பாட்டில் உறைந்துபோகும் பாலைவனமும் உண்டு நண்பர்களே! மொராக்கோவில், ஹை அட்லஸ் மலைத்தொடருக்கும் சஹாராவுக்கும் நடுவே இருக்கும் ஜெபல் சாக்ரோ மலைதான் அது. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மேகங்களை அட்லஸ் மறித்துவிடுவதால் இது மழை மறைவுப் பிரதேசம். எங்கு பார்த்தாலும் கருத்த எரிமலைப் பாறை. உயர்ந்த சிகரம் 2,712 மீட்டர்.

கோடையில் இங்கே நடந்தால் வறுத்தெடுத்துவிடும். அதனால் நடைப்பயணிகள் வருவது அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. வடக்கே தக்தில்ட் பக்கம் கிளம்பி, 'அலியின் வாசல்' எனப்படும் பாப் அலி இரட்டைப் பாறைகளைத் தாண்டி, தெற்கே ந்கோப் ஊரில் இறங்க ஐந்தாறு நாளாகும். மூட்டை முடிச்சுகளைக் கோவேறு கழுதை சுமக்கும்.

பகலில் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லும் வெயில். பொழுது சாய்ந்தால் பல் கிடுகிடுக்கும். ஏன்? காற்றில் ஈரமில்லை, மேலே மேகமுமில்லை. பகலில் பாறை வாங்கிய சூடெல்லாம் ராத்திரி வானத்துக்கே போய்விடுகிறது. போர்வையில்லாமல் படுத்த கதைதான்!

இன்னொன்று: சமதளமாக இருக்கிறதே என்று காய்ந்த ஓடைக்குள் கூடாரம் அடிக்கக் கூடாது. எங்கோ மலையில் பெய்த மழை திடீர் வெள்ளமாக வந்துவிடும்.

சரி, இந்தக் குளிரில் அங்கே யார் இருப்பார்கள்? ஆயிட் அத்தா என்ற பெர்பர் இனத்து நாடோடிகள்! அட்லஸ் பனியில் மூடும்போது ஆடுகளோடு இங்கே இறங்குவார்கள். கோடையில் மறுபடி மேலே ஏறுவார்கள். மேலே உள்ள மேய்ச்சல் நிலத்தை 'அக்தால்' என்கிறார்கள். புல் வளர்ந்து முடியும்வரை அதற்குள் யாரும் ஆடு விடக் கூடாது. எல்லோரும் ஒப்புக்கொண்ட நாளில்தான் திறப்பு. சர்க்கார் சட்டமல்ல, ஊர்க்கட்டுப்பாடு!

அவர்களுடைய கறுப்புக் கூடாரத்தைச் சிவில்காரன் கண்ணால் பாருங்கள். ஆட்டுமயிரில் பெண்கள் நெய்த பட்டைகளைத் தைத்துச் செய்தது. காய்ந்திருக்கையில் இடைவெளி வழியே புகை வெளியேறும். நனைந்தால் இழை உப்பி இடைவெளி அடைபடும். சிமெண்டில்லாத வாட்டர்ப்ரூஃபிங்!

1933 பிப்ரவரி, மார்ச்சில் பிரெஞ்சுப் படையை பூ காஃபர் மலையில் ஆறு வாரம் எதிர்த்து நின்றவர்கள் இவர்கள். விமானக் குண்டுக்கும் அசையாதவர்களை, ஊற்றுக்குப் போகும் வழியை மறித்துத் தாகத்தால் பணிய வைத்தார்கள்.

இன்றும் எதிரி தாகம்தான். அடுத்தடுத்து வந்த வறட்சியால் மொராக்கோவில் கால்நடைகள் குறைந்து, 2025 பக்ரீத்துக்கு ஆடு பலி கொடுக்க வேண்டாமென்று மன்னரே கேட்டுக்கொண்டார். குடும்பம் குடும்பமாகக் கூடாரத்தை விட்டு ஊரில் குடியேறுகிறார்கள்.

ஆகவே, என்றாவது அங்கே நடக்கப் போனால் ஒன்றை மறக்காதீர்கள். நாம் நடக்கும் பாதையைப் போட்டது எந்த பொதுப்பணித் துறையும் இல்லை, அவர்களுடைய ஆடுகளின் குளம்புகள். கிணற்றில் நாம் இறைக்கும் ஒவ்வொரு வாளியும் ஓர் ஆட்டின் பங்கு. குடிக்கலாம், குளிக்க வேண்டாமே!