பஸ் காசு

(காக்கிச் சட்டை வழக்குகள் – 9)

காரைக்காலிலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 130 கிலோமீட்டர். கோட்டுச்சேரி, பூவம் தாண்டி நண்டலாற்றைக் கடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். அங்கே செக்போஸ்ட்டில் மது பாட்டில் இருக்கிறதா என்று பைகளைத் துழாவுவார்கள். பிறகு தரங்கம்பாடி, திருக்கடையூர், சீர்காழி, கொள்ளிடம், சிதம்பரம் என்று அடுத்த மாநிலத்துச் சாலையிலேயே ஓடி, கடலூரைத் தாண்டித்தான் பஸ் மறுபடி சொந்த அரசின் எல்லைக்குள் நுழையும். காலை பத்தரை மணிக்குப் புதுச்சேரியில் ஆஜராக வேண்டுமென்றால், விடிவதற்கு முன்பே பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும்.

அந்தப் பஸ்ஸில் ஒரு காவலரை ஏற்றி உட்கார வைப்போம். என் கற்பனைக் காவலர்தான், யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. சஸ்பெண்ட் ஆனவர் என்பதால் சாதாரணச் சட்டை. புதுச்சேரிக் காவலருக்கே உரிய, பிரெஞ்சுக்காரர் காலத்துச் சிவப்புத் தொப்பி வீட்டில் பீரோவின் மேல் பாலித்தீன் பைக்குள் கிடக்கிறது. மடியில் ஒரு ரெக்சின் பை. அதற்குள் சார்ஜ் மெமோ, அதற்கு அவர் எழுதிய பதில், சாட்சிப் பட்டியல். நான்கு மாதமாக ஒரு பைசா வரவில்லை. கண்டக்டர் பக்கத்து இருக்கைக்கு வந்ததும் அவர் கை சட்டைப் பைக்குப் போகிறது; நோட்டை வெளியே எடுக்காமல் உள்ளேயே விரலால் எண்ணுகிறார்.

போன வாரம் மெமோவோடு நிறுத்தியிருந்தோம். அடுத்து விசாரணை அறைக்குள் போய் குறுக்கு விசாரணை, ஆவண நகல் என்று பார்ப்பதுதான் முறை. ஆனால் அறைக்குள் போவதற்கு முன்னால் அந்த அறை வரைக்கும் போக வேண்டுமே! துறை விசாரணைகளில் பல, அறைக்கு வெளியே, இந்த 130 கிலோமீட்டரில்தான் தோற்றுப்போகின்றன என்பது என் எண்ணம். சட்டப் புத்தகங்கள் இதை ஒரு பத்தியில் முடித்துவிடும். நான் ஒரு வாரம் முழுக்க எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு, கர்நாடகத்தில் இருந்தாலும் தமிழ் பேசும் ஊரான கோலார் தங்கவயலில் நடந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் மற்ற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் போன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கிய ஊர். அங்கே பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் கேப்டன் எம்.பால் ஆண்டனி. தங்கம் வெளியே போகாமல் காப்பது அவர் வேலை. 1985 ஜூன் 2 அன்று போலீஸ் அவர் வீட்டில் சோதனை போட்டது. 4.5 கிராம் எடையில் ஒரு தங்க உருண்டை, தங்கம் கலந்த மணல் 1,276 கிராம் கைப்பற்றப்பட்டதாகச் சொன்னார்கள். மறுநாளே சஸ்பெண்ட். அதற்கு மறுநாள் குற்றச்சாட்டு மெமோ. அரசு சார்ந்த ஒரு நிறுவனத்தில் காகிதம் இவ்வளவு வேகமாக நகர்ந்ததைக் கேட்டு நான் கொஞ்சம் மலைத்துத்தான் போனேன்.

ஒரு பக்கம் நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்கு, இன்னொரு பக்கம் நிறுவனத்தின் விசாரணை. இரண்டுக்கும் ஒரே சோதனை, ஒரே சாட்சிகள். முதலாவது முடியும்வரை இரண்டாவதைத் தள்ளிவையுங்கள் என்று அவர் கேட்டார். விசாரணை நின்றபாடில்லை. அவரோ கேரளத்தில், தன் சொந்த ஊரில் இருந்தார். சஸ்பெண்ட் ஆனவருக்குக் கொடுக்க வேண்டிய பிழைப்பூதியம் வரவில்லை. அங்கிருந்து கோலாருக்கு வந்து தங்கி, விசாரணையில் உட்காரக் கையில் காசில்லை, உடம்பும் சரியில்லை. தள்ளிவைக்கச் சொல்லி எழுதிப் பார்த்தார். அவர் இல்லாமலேயே விசாரணை நடந்து முடிந்தது. 1986 மே மாதம் குற்றவாளி என்று அறிக்கை, ஜூன் 7 அன்று டிஸ்மிஸ். எட்டு மாதம் கழித்து, 1987 பிப்ரவரி 3 அன்று கிரிமினல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சோதனையில் பொருள் கிடைத்ததே நிரூபணமாகவில்லை என்றது. அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு வேலையைத் திருப்பிக் கேட்டார். நிறுவனம் மறுத்தது.

பிறகு நடந்ததெல்லாம் நீதிமன்ற வராண்டாக்கள். 1995-இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார்; 1997-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதைப் புரட்டிப் போட்டது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சாகீர் அகமது, ஜகந்நாத ராவ் இருவரும் 1999 மார்ச் 30 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். வக்கீல்கள் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் ஒரு காரணத்துக்காக: கிரிமினல் வழக்கும் துறை விசாரணையும் ஒரே நேரத்தில் நடக்கலாமா, எப்போது ஒன்றை நிறுத்திவைக்கலாம் என்பதற்கு அதில் தெளிவான வரையறை இருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பிழைப்பூதியத்தைப் பற்றிய பகுதி. சஸ்பெண்ட் ஆனவர் வேலையை இழக்கவில்லை. முதலாளி-ஊழியர் உறவு அப்படியே இருக்கிறது. வேலை செய்ய விடாமல் உட்கார வைத்தது நிர்வாகம். உட்கார வைத்தவன்தான் சோறு போட வேண்டும். போடாமல் விட்டு, அந்த வறுமையினாலேயே ஒருவர் விசாரணைக்கு வர முடியாமல் போனால், அந்த விசாரணையும் அதன்மேல் கட்டிய தண்டனையும் செல்லாது. இதுதான் அந்தப் பகுதியின் சாரம். சஸ்பெண்ட் ஆன நாளிலிருந்து முழுச் சம்பளம், மறுபடி அதே பதவி, செலவுத் தொகையாக 25,000 ரூபாய்.

கிட்டத்தட்ட பதினான்கு வருடம். தீர்ப்பு வந்து இரண்டு வருடம் முடிவதற்குள், 2001 பிப்ரவரி 28 அன்று, தங்கவயல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள்.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. அதிலும் சீருடைக்காரர்தான், மத்தியப் பிரதேசத்து வனச்சரகர் ஒருவர். அவர் இருந்தது ரேவாவில், விசாரணை நடந்தது சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி ஜகதல்பூரில். பிழைப்பூதியம் வரவில்லை, அவரும் போகவில்லை. அவர் இல்லாமல் நடந்த விசாரணையின் பேரில் கொடுத்த டிஸ்மிஸ் உத்தரவை 1973-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இன்னொரு வழக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு மேல்முறையீடு செய்திருக்கும் ஊழியருக்குப் பிழைப்பூதியம் மாதம் 1 ரூபாய் என்று மகாராஷ்டிரத்தில் விதியே இருந்தது! 1983-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. அந்த அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் நம் ஜோலார்பேட்டைக்காரரான நீதிபதி ஏ.வரதராஜன், உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி.

நம் பஸ் இதற்குள் சீர்காழி வந்திருக்கும். காவலருக்குச் சட்டப்படி என்ன வர வேண்டும் என்று பார்த்துவிடலாம். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அங்குள்ள அரசு ஊழியருக்கு மத்திய அரசின் 1965-ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகள்தான். பெரிய தண்டனைக்கான மெமோ வந்தால் 'ரூல் ஃபோர்ட்டீன்' என்பார்கள். நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் தரங்கம்பாடி ஸ்டேஷனில் அதே தப்புக்கு அதே வயதுக் காவலருக்கு வருவது 'த்ரீ பி', தமிழ்நாடு போலீஸின் 1955-ஆம் ஆண்டு விதி. ஒரே காற்று, ஒரே மீன் மார்க்கெட், இரண்டு புத்தகம்.

காரைக்கால் புத்தகத்தின்படி முதல் மூன்று மாதம் அரைச் சம்பள விடுப்பில் என்ன கிடைக்குமோ அந்தத் தொகை, அதற்குரிய பஞ்சப்படியோடு. மூன்று மாதம் தாண்டியும் விசாரணை இழுத்தால் யாரால் தாமதம் என்று பார்க்க வேண்டும். நிர்வாகத்தால் என்றால் அந்தத் தொகையில் பாதி வரை கூட்டலாம். ஊழியரால் என்றால் பாதி வரை குறைக்கலாம். இதற்கு அவர் வேறு எங்கும் வேலை பார்க்கவில்லை என்று சான்று எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். கோபத்திலோ சோர்விலோ சான்றைக் கொடுக்காமல் விடுவார்கள். பணம் ஏன் தரவில்லை என்று பிற்பாடு கேட்டால், "அவர் சான்று தரவில்லை" என்று ஆபீஸ் கை விரிக்கும்.

அதோடு, சஸ்பெண்டில் இருப்பவரை வெளியூர் விசாரணைக்கு அழைத்தால் பயணப்படியும் உண்டு. அவராகவே விசாரணையை வேறு ஊருக்கு மாற்றக் கேட்டிருந்தால்தான் கிடையாது. ஆனால் பயணப்படி போய்வந்த பிறகு பில் போட்டு வாங்குவது. விடியற்காலைக் கண்டக்டரிடம் பில் கொடுக்க முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிழைப்பூதியம் வரவில்லை என்ற ஒற்றை வரியால் டிஸ்மிஸ் உடைந்துவிடும் என்று யாராவது தைரியம் சொன்னால் நம்ப வேண்டாம். 2000-இல்கூட அது பிச்சை அல்ல, உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அடுத்த சில வருடங்களில் வந்த தீர்ப்புகள் இன்னொன்றையும் கேட்கத் தொடங்கின. பணம் வராததால் உனக்கு என்ன பாதிப்பு? விசாரணைக்கு வர முடியாமல் போனது அதனால்தானா? அப்போதே அதை எழுதிச் சொன்னாயா? எல்லா வாய்தாவுக்கும் வந்து குறுக்கு விசாரணையும் செய்துவிட்டுக் கடைசியில் இதைக் கிளப்பினால் எடுபடாது. கேட்கக் கடுமையாக இருக்கிறது. நியாயமில்லை என்று சொல்லவும் முடியவில்லை.

விடுதலைத் தீர்ப்பும் அப்படித்தான். பால் ஆண்டனிக்குக் கைகொடுத்தது எல்லோருக்கும் கொடுக்காது. 1999 ஜூலையில் தென்காசி பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடந்ததாக ஒரு தமிழ்நாட்டுக் காவலர்மீது வழக்கு வந்தது. துறை அவரை டிஸ்மிஸ் செய்தது. கிரிமினல் வழக்கில் புகார் சொன்ன தரப்பே பின்வாங்க, விடுதலை ஆனார். உயர் நீதிமன்றம் வேலை கொடுக்கச் சொன்னது. 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சாட்சி பிறழ்ந்ததால் வந்த விடுதலை கௌரவமான விடுதலை ஆகாது என்றது. அதே தீர்ப்பில் பஸ் நிலையங்களில் சாதாரண உடையில் பெண் போலீஸை நிறுத்தச் சொல்லி உத்தரவும் போட்டது. சரியான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன். சீருடைக்காரரின் வழக்குகளை எழுதுகிறேன் என்பதற்காக எல்லாச் சீருடைக்காரரையும் உத்தமர் என்று நான் சொல்லப்போவதில்லை.

டிஸ்மிஸ் ஆகிவிட்டால் எங்கே போவது? காரைக்காலில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. புதுச்சேரிக் காவலர் 45 நாளுக்குள் துறையிலேயே மேல்முறையீடு செய்ய வேண்டும். அதில் தோற்றால் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். அங்கும் தோற்றால்தான் உயர் நீதிமன்றம். 1997-இல் சந்திரகுமார் வழக்கில் வந்த ஒழுங்கு அது. தரங்கம்பாடிக் காவலருக்குத் தீர்ப்பாயம் இல்லை. தமிழ்நாடு தன் தீர்ப்பாயத்தைக் கலைத்துவிட்டதால் அவர் நேரே உயர் நீதிமன்றம். காரைக்காலில் கடலோரக் காவல்படைக்காரர் ஒருவர் இருந்தால், ஆயுதப் படை என்பதால் அவருக்கும் தீர்ப்பாயம் கிடையாது, ராணுவத்துக்கென்று அமைத்த தீர்ப்பாயத்திலும் அவருக்கு இடமில்லை, உயர் நீதிமன்றம்தான். விடுப்பில் வந்திருக்கும் ராணுவ வீரருக்கோ அந்த ராணுவத் தீர்ப்பாயம். ஒரே தெருவில் நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் யோசனை சொன்னால் நாலு பேரும் தவறான வாசலில் போய் நிற்பார்கள்.

எந்த வாசலானாலும் அது சென்னையில்; இந்தத் தடவை 300 கிலோமீட்டர்.

பஸ் புதுச்சேரி வந்துவிட்டது. காவலர் இன்று எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்த வாய்தாவுக்கு மச்சானிடம் கடன் கேட்டும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் படுத்துக்கொண்டு புலம்பக் கூடாது. ஒரு முழுத் தாளில், தேதி போட்டு, விசாரணை அதிகாரிக்கும் சஸ்பெண்ட் செய்த அதிகாரிக்கும் எழுத வேண்டும்: இத்தனை மாதமாகப் பிழைப்பூதியம் வரவில்லை, வேலை பார்க்கவில்லை என்ற சான்றை இன்ன தேதியில் கொடுத்திருக்கிறேன், புதுச்சேரி வர என்னிடம் பணமில்லை, பணம் கொடுத்தால் வருகிறேன், அதுவரை தள்ளிவையுங்கள். கெஞ்சவும் வேண்டாம், சட்டப் பிரிவுகளை அள்ளி வீசவும் வேண்டாம். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, கவுண்டரில் கொடுக்கும் ரசீதில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மங்கலாக இருந்தால் இன்னொரு முறை முத்திரை குத்தச் சொல்லிக் கேட்க வேண்டும்.

(தொடரும்)