தலைக்கு மேலே ஒரு காடு – 9: சொட்டைக்குச் சொட்டு நீலம்

ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒரு பழைய தொல்லை உண்டு. சில வட்டாரங்களில் மேயும் செம்மறிகளின் கம்பளி சுருள் விட்டுப்போய், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் மாதிரி விறைத்துக்கொள்ளும். கறுப்பு ஆடாக இருந்தால் நிறமும் வெளிறும். மேய்ச்சல் மண்ணில் செம்பு போதாததுதான் காரணம். மெல்பர்னில் குழந்தை மருத்துவராக இருந்த டேவிட் டாங்க்ஸுக்கு இது தெரிந்திருந்தது. மென்கீஸ் நோய் கண்ட ஆண் குழந்தைகளின் முடி முறுக்கிக்கொண்டு, தொட்டால் பொடிப்பொடியாக உடையும். அதைப் பார்த்தவருக்கு ஆடுகள் ஞாபகம் வந்தன. குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தால், செம்பு அடிமட்டத்தில் இருந்தது. இது 1972இல். அந்த நோயை ஜான் மென்கீஸ் 1962இலேயே, ஒரே குடும்பத்தின் ஐந்து ஆண் குழந்தைகளிடம் கண்டு எழுதியிருந்தார். பத்து வருஷம் கழித்துத் துப்புக் கொடுத்தது ஆட்டு ரோமம்!

அந்தக் குழந்தைகளுக்குச் சாப்பாட்டில் குறை இல்லை. குடல் வரை வந்த செம்பை உடம்புக்குள் ஏற்றிவிடும் புரதம் பழுது. அதனால் வாய்வழி கொடுத்துப் பயனில்லை. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தோடு செம்பைக் கோத்துத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுகிறார்கள். ஹிஸ்டிடின், செம்பைக் கவ்விக்கொள்ளும் கொக்கி. இந்தக் கொக்கியை மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும்.

ஆக, செம்பு இல்லாவிட்டால் முடி கெடும் என்பது உண்மை. முடிக்குக் கருமை தரும் டைரோசினேஸ், கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று தைக்கும் லைசில் ஆக்ஸிடேஸ் இரண்டுமே செம்பு இல்லாமல் வேலை செய்யாத நொதிகள். இங்கிருந்து ‘செம்பைத் தடவினால் முடி வளரும்’ என்பதற்கு ஒரே எட்டுதான். அந்த ஓர் எட்டில் ஒரு பெரிய வியாபாரமே நின்றுகொண்டிருக்கிறது.

போன வாரம் மினாக்ஸிடில் என்ற முடி வளர்ப்பு மருந்து பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். “மாமா, அதெல்லாம் பழசு. நான் போடுறது வேற” என்று பையிலிருந்து ஒரு குட்டி பாட்டிலை எடுத்தான். டிராப்பரில் உறிஞ்சி என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டான். வேட்டிக்குப் போடும் சொட்டு நீலமேதான்! நிறத்துக்குக் காரணம் சாயமல்ல, செம்பு. பாட்டிலில் எழுதியிருந்த பெயர் காப்பர் பெப்டைடு, ஜிஹெச்கே.

இந்தப் பொருளுக்கு ஒரு நல்ல பூர்வ கதை உண்டு. 1973இல் அமெரிக்க விஞ்ஞானி லோரன் பிக்கார்ட், வயதானவர்களின் ஈரல் திசுவை இளைஞர்களின் ரத்தத்தில் ஊறவைத்தபோது, கிழட்டுத் திசு இளந்திசு போல நடந்துகொண்டதைக் கவனித்தார். இளரத்தத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று தேடிப் பிரித்தெடுத்தது, கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்று மூன்றே அமினோ அமிலங்கள் கோத்த ஒரு துணுக்கு. நடுவில் நிற்பது நம் பழைய கொக்கி. கிடைத்த செம்பைக் கவ்விக்கொள்கிறது. இருபது வயதில் ரத்தத்தில் மில்லி லிட்டருக்கு 200 நானோகிராம் அளவில் இருப்பது, அறுபதில் 80 ஆகிவிடுகிறது என்று பிக்கார்ட் எழுதினார். 1988இல் பிரான்ஸில் மக்கார் குழுவினர், தோல் செல்களுக்கு இதைக் கொடுத்தால் கொலாஜன் உற்பத்தி கூடுவதைக் காட்டினார்கள்.

தோல் விஷயத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. வெயிலில் வாடிய முகங்களில் 12 வாரம் கிரீம் பூசிப் பார்த்தபோது, மெல்லிய சுருக்கங்கள் குறைந்தன என்று 2002இல் ஒரு மருத்துவ மாநாட்டில் சொன்னார்கள். சோதித்தது 71 பெண்களிடம்தான். சின்ன ஆய்வு, சின்ன பலன். அவ்வளவுக்குச் சரி.

முடிக்கு வந்தால்தான் வழுக்குகிறது. அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2007இல் வந்த கொரிய ஆய்வு. மனிதத் தலையிலிருந்து எடுத்த முடிவேர்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, செம்பு பெப்டைடு விட்டுப் பார்த்தார்கள். முடி நீண்டது, நிஜம். ஆனால் அது ஜிஹெச்கே அல்ல, அதன் பங்காளியான ஏஹெச்கே. பலன் தந்த அளவோ, லிட்டருக்கு ஒரு மோலில் லட்சம் கோடியில் ஒரு பங்கிலிருந்து நூறு கோடியில் ஒரு பங்கு வரை. பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் காடு வளரும் என்று அந்த ஆய்வு சொல்லவேயில்லை.

தட்டில் இருக்கும் வேருக்கு மேலே தோல் கிடையாது. நம் தலையில் வேர் மூன்று நான்கு மில்லி மீட்டர் ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள மேல்தோலைத் தண்ணீரில் கரையும் ஒரு பொருள் தாண்டிப்போவது சுலபமல்ல. ஆண்களின் சொட்டைக்கு மூலகாரணம் செம்புக் குறைவும் அல்ல. டிஹெச்டி என்ற ஹார்மோனுக்கு வேர் சுருங்கிப்போவது. ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேவைப்படாத செம்பு எள்ளிலும் முந்திரியிலும் கொண்டைக்கடலையிலும் தாராளமாகக் கிடைக்கிறது. உண்மையில் செம்பு குறைகிறவர்களில் ஒரு ரகம், முடிக்காக ஜிங்க் மாத்திரையை மாதக்கணக்கில் அளவுமீறி விழுங்குகிறவர்கள்; ஜிங்க் மிகுந்தால் குடல் செம்பை உள்ளே விடாது. செம்புச் சொம்புத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ளும் அன்பர்களுக்குத் தனியாகப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

அக்கா மகனின் பாட்டிலில் இன்னொரு விசேஷம். புதிதில் நீலமாக இருந்தது, கழுத்தருகே பழுப்பாகியிருந்தது. விசாரித்தால், அதே டிராப்பரை வைட்டமின் சி சீரத்திலும் முக்கியிருக்கிறான். செம்பும் வைட்டமின் சியும் சேர்ந்தால் இரண்டுமே கெடும். காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று என்று பிரித்துப் போட வேண்டும். முதல் தடவை முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்ப்பது நல்லது. செம்பு உடம்பில் தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். இதையே ஊசியாக வாங்கி வீட்டில் குத்திக்கொள்ளும் புது வழக்கம் வேறு கிளம்பியிருக்கிறது. அதற்கு வேண்டாம் என்பதைத் தவிர வேறு பதிலில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்போ மிச்சம் இருக்கிறதை என்ன மாமா பண்றது?” என்றான்.

“முகத்துக்குப் போட்டு முடி” என்றேன்.

(அடுத்த வாரம்: சிகைக்காய்)