ஜாக்கட்டார்: ஓர் ஏச்சுச் சொல்லின் வரலாறு

கனடாவின் கீழ்க்கோடியிலுள்ள நியூபவுண்டுலாந்துத் தீவின் ஆங்கிலத்தில் "ஜாக்கட்டார்" என்றொரு சொல் உண்டு. தீவின் மேற்குக் கரையில், பிரஞ்சுக் குருதியும் மிக்மாக் என்னும் பழங்குடியினரின் குருதியும் கலந்து பிறந்தவரை ஆங்கிலக் குடிகள் இவ்வாறு அழைத்தனர். அன்னாருடைய பேச்சுக்கும் அதுவே பெயர். 1982இல் வெளிவந்த நியூபவுண்டுலாந்து ஆங்கில அகராதி இதற்கு இடம் தந்துள்ளது. சொல்லில் பெருமை ஏதுமில்லை, ஏச்சே மிகுதி.

கப்பலோட்டியை ஆங்கிலேயர் "ஜாக் டார்" என்பர். இரண்டிற்கும் உள்ள ஓசை ஒற்றுமை வெளிப்படை. அக்கரையின் வரலாறும் கப்பலோட்டிகளையே சுட்டுகிறது.

1713ஆம் ஆண்டு யூட்ரெக்ட் உடன்படிக்கையால் தீவு ஆங்கிலேயர்க்கு உரியதாயிற்று. ஆயினும், குறித்த கரைப்பகுதியில் காட் மீன் பிடித்து உப்பிட்டு உலர்த்தும் உரிமை பிரஞ்சுக்காரரிடமே விடப்பட்டது. 1783இல் எல்லை மாற்றப்பட்டபோது மேற்குக் கரையும் அதனுள் வந்தது. 1904 வரை இவ்வுரிமை நீடித்தது. ஆனால் ஒரு கட்டுப்பாடு: பருவம் முடிந்ததும் மீனவர் தாய்நாடு திரும்பவேண்டும், தங்கிக் குடியேறலாகாது.

கப்பல்வேலையின் கொடுமை தாளாத பிரிட்டனித் துறைமுகத்து இளைஞர் சிலர் இரவோடிரவாக ஓடிப்போய், போர்ட்டோபோர்ட் மூவலந்தீவில் ஒளிந்தனர். கேப் பிரட்டன் தீவிலிருந்து பெயர்ந்த அக்கேடியப் பிரஞ்சுக்காரரும், முன்பே அங்கிருந்த மிக்மாக் மக்களும் அவர்களுக்கு உறவினராயினர். ஓடிவந்தவன் தன் ஊரைச் சொல்லவும் அஞ்சுவான். சட்டப்படி அவன் அங்கு இருக்கவே கூடாதவன். இத்தகையோரின் பிள்ளைகளை ஏசுவது அண்டையிலிருந்தோர்க்கு எளிதாயிற்று.

ஏச்சுக்கு அஞ்சியவர் முதலில் மாற்றிக்கொண்டது குடும்பப்பெயரை. "வெள்ளை" எனப் பொருள்படும் லெபிளான், "ஒயிட்" ஆயிற்று. "இளையவன்" ஆகிய லெஜூன், "யங்" ஆயிற்று. இவை மொழிபெயர்ப்பு. ஓசையை மட்டும் பற்றி மாறியவையும் உண்டு: பெனுவா பெனெட் ஆனது; ஒக்குவான், ஐரிஷ் பெயர்போல ஓகுவின் ஆனது. ஊர்ப்பெயரும் தப்பவில்லை. தென்கரையில் "நம்பிக்கை விரிகுடா" எனப் பிரஞ்சில் பெயரிடப்பட்ட இடத்தை ஆங்கிலேயர் ஒலிக்கும்போது "நம்பிக்கையிழப்பு" என்னும் நேர்மாறான சொல்லே காதில் விழுகிறது!

பின்னர்ப் பள்ளிக்கூடம் வந்தது. பாடமொழி ஆங்கிலம், பிரஞ்சு பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். 1941இல் அருகிலுள்ள ஸ்டீவன்வில்லில் அமெரிக்க விமானத் தளம் எழுந்தபின், கூலியும் ஆங்கிலத்தின் பக்கம் சேர்ந்துகொண்டது. பிரம்பு செய்யாததைச் சம்பளம் செய்தது. பெற்றோரே பிள்ளைகளிடம் பிரஞ்சு பேசுவதை விடலாயினர்.

அக்கேடியரின் மற்றொரு கிளைக்கு நேர்ந்தது வேறு. 1755இல் தொடங்கிய நாடுகடத்தலால் சிதறியவருள் பலர் லூசியானாவை அடைந்தனர். "அக்காடியன்" என்ற பெயர் தலையெழுத்தை இழந்து "கேஜன்" ஆகியது. அதுவும் ஒருகாலத்தில் இழிசொல்லே. ஆனால் அதற்குரியோர் அதைத் தாமே ஏந்திக்கொண்டனர். 1971இல் அம்மாநிலச் சட்டமன்றம் 22 மாவட்டங்களை "அக்கேடியானா" எனப் பெயரிட்டுச் சிறப்பித்தது. ஜாக்கட்டார் என்ற சொல்லுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. கேஜன் என்பது தம் முன்னோர் பெயரின் சிதைவு; ஜாக்கட்டாரோ பிறர் ஒட்டிய பெயர். வேறுபாடு அங்கேதான் உள்ளது போலும்.

எனினும் மக்கள் தலைநிமிர்ந்தனர். போர்ட்டோபோர்ட்டில் 1913இல் பிறந்த பிடில் கலைஞர் எமீல் பெனுவா, பெயரை மாற்றாமலே புகழெய்தினார். 1988இல் மெமோரியல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 2011இல் கலிப்பு மிக்மாக் முதற்குடி என்னும் அமைப்பைக் கனடிய அரசு ஏற்றது. பாட்டிமார் மறைத்துவைத்த மரபைச் சான்றுகாட்டி, அதில் உறுப்பினராக 1 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர்.